புளிப்பின் படிகள்

டெஹ்ரானில் தயிர் வியாபாரிகளைப் பற்றி ஒரு பழைய கதை சொல்வார்கள். காஜார் மன்னர்கள் ஆண்ட காலம். நகரத்தின் ஆளுநராக இருந்த முக்தாருஸ் சல்தனே, தயிருக்கு விலை நிர்ணயித்துவிட்டு மாறுவேடத்தில் ஒரு கடைக்குப் போனாராம். "எந்தத் தயிர் வேண்டும்? சாதாரணத் தயிரா, முக்தாருஸ் சல்தனே தயிரா?" என்று கடைக்காரன் கேட்டான். சாதாரணத் தயிர் கெட்டியானது, பழைய விலைக்கு விற்பது. ஆளுநர் சொன்ன விலைக்கு வேண்டுமென்றால் பக்கத்துச் சட்டியில் இருந்தது. அதில் பாதி தண்ணீர். ஆளுநர் அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். கால்சட்டையின் இடுப்பை இறுகக் கட்டி, அந்த நீர்த்தயிரைக் கால் வழியாக உள்ளே ஊற்றச் சொல்லி, நீரெல்லாம் சொட்டி முடியும் வரை அப்படியே விட்டார். செய்தி பரவியதும் மற்றக் கடைக்காரர்கள் அவரவர் தயிரைத் துணிப்பையில் கட்டி நீரை வடித்துவிட்டார்கள். பயந்து பின்வாங்குகிறவனைப் பற்றி, 'தயிரைப் பையில் கட்டிவிட்டான்' என்று பாரசீகத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

கதை எந்த அளவு நடந்ததோ, அதற்குள் இருக்கும் அக்கறை உண்மையானது. தயிரில் எவ்வளவு நீர் இருக்கலாம் என்பது இரானியருக்குக் கௌரவப் பிரச்சினை. அவர்களுடைய பால் கலை முழுவதும் நீரைப் பற்றியதுதான்: எங்கே நிறுத்துவது, எங்கே இறக்குவது, இறக்கிய நீரை என்ன செய்வது. நீர் வெளியேறும் ஒவ்வொரு கட்டத்திலும் புளிப்பு ஒரு படி ஏறுகிறது. ஒவ்வொரு படிக்கும் தனிப் பெயரும் தனிச் சமையலும் உண்டு. உலகில் பல நாட்டார் தயிரை நேசிக்கிறார்கள். புளிப்பை இவ்வளவு நுட்பமாகத் தரம் பிரித்து வைத்துக்கொண்டவர்கள் இரானியர்கள் என்பது என் தீர்மானமான எண்ணம்.

முதல் படி மாஸ்த், அதாவது தயிர். பாலைக் காய்ச்சி, சுண்டுவிரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவைத்து, முந்தைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி வைக்கிறார்கள். இதுவரை நம் வீட்டு வழக்கத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது பால். ஜாக்ரோஸ் மலைச்சரிவுகளில் மேயும் செம்மறியின் பாலில் கொழுப்பு சுமார் 7 விழுக்காடு, புரதம் 5 முதல் 6 விழுக்காடு வரை. பசும்பாலில் கொழுப்பு 4-ஐயும் புரதம் மூன்றரையையும் ஒட்டியே நிற்கும். அதனால் செம்மறித் தயிர் எதையும் வடிக்காமலேயே அல்வாத் துண்டு போல வெட்டி எடுக்கும்படி உறைகிறது.

ஆனால் செம்மறி ஆண்டு முழுவதும் கறக்காது. குளிர்காலக் கடைசியில் குட்டி ஈனும்; வசந்தத்தில் புல் தழைக்கும்போது பால் பெருகும்; கோடை முற்றியதும் வற்றிவிடும். சில மாதப் பாலைக் கொண்டு பன்னிரண்டு மாதம் உண்ண வேண்டும், அதுவும் ஓரிடத்தில் தங்காத மக்கள். கூசஸ்தானின் தாழ்நிலத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பக்தியாரி இனத்தார், வசந்தம் வந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு மலையின் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறுவார்கள். 1925-ல் மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும் எடுத்த 'கிராஸ்' என்ற ஊமைப்படம் அந்தப் பயணத்தைப் பதிவு செய்திருக்கிறது. பனி உருகிப் பெருகும் காரூன் ஆற்றை, காற்றடைத்த ஆட்டுத்தோல்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைகளில் அவர்கள் கடப்பதை அதில் பார்க்கலாம்.

கூடாரம் அடித்த பிறகு தயிர் கடைவதும் ஆட்டுத்தோலில்தான். அந்தத் தோல்பையின் பெயர் மஷ்க். வெள்ளாட்டின் தோலை முழுதாக உரித்து, மயிர் நீக்கி, ஓக் மரக் கொட்டையின் உள்தோலாலோ மாதுளை ஓட்டாலோ பதப்படுத்துகிறார்கள். மூன்று கம்புகளைத் தலைப்பில் சேர்த்துக் கட்டி நிறுத்தி, அதிலிருந்து மஷ்க்கைத் தொங்கவிட்டு, தயிரும் குளிர்ந்த நீரும் ஊற்றி, பெண்கள் முன்னும் பின்னுமாக ஆட்டுகிறார்கள். நம் மத்து தயிரைச் சுழற்றுகிறது. மஷ்க் தயிரைத் தன் சுவரிலேயே மோதவிடுகிறது. வேலை வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும். கொழுப்புத் துளிகள் பாதி உறைந்த பக்குவத்தில் இருந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சூடு கூடினால் இளகி நழுவிவிடும், எவ்வளவு ஆட்டினாலும் வெண்ணெய் கைக்கு வராது. திரண்டதைக் கண்ணால் பார்க்க முடியாது, பை மூடியிருக்கிறது. தளும்பும் ஓசை கனத்து, கட்டி புரளும் ஓசையாக மாறுவதைக் காதால் பிடிக்கிறார்கள். அந்த வெண்ணெயை உருக்கினால் வாசனை தூக்கும் நெய். கெர்மான்ஷா நெய்யின் பெயர் இரான் முழுக்கத் தெரியும். அந்த ஊரின் அரிசிமாவு பிஸ்கட்டான நான்-எ-பெரெஞ்சீயைக் கடித்தால் முதலில் மணப்பது அதுதான்.

பையில் மிஞ்சுவது தூக். நம் மோரின் உடன்பிறப்பு. இஞ்சியும் பச்சை மிளகாயும் இல்லை. உப்பு, உலர்ந்த புதினா, அல்லது மலையில் விளையும் காகூத்தி என்ற சிறு மூலிகை. புதினாத் தூக்கை எங்கும் குடிக்கலாம். காகூத்தி போட்டதை நான் ஒரு படி மேலே வைப்பேன். ஓமமும் துளசியும் கலந்தது மாதிரி ஒரு காரமான மணம், அது தொண்டையில் நின்று நிதானமாக இறங்கும். சுட்ட இறைச்சியும் சோறுமான செலோ கபாப் சாப்பிடும் மேசையில் பக்கத்தில் தூக் இல்லாவிட்டால் சாப்பாடு முழுமையாகாது. குடித்தவருக்குத் தூக்கம் வரும் என்று இரானியர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அத்தனை கபாபுக்குப் பிறகு எதைக் குடித்தாலும் வரும். டெஹ்ரானுக்குக் கிழக்கே ஆப்-அலீ என்ற மலை ஊரில் இயற்கையாகவே வாயு கலந்த ஊற்றுநீர் கிடைக்கிறது. அந்த நீரைச் சேர்த்துச் செய்த தூக் பெயர் பெற்று, பிறகு போத்தலில் அடைத்த நுரைக்கும் தூக் நாடு முழுக்கப் பரவியது. 2018-ல் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தூக்குக்கென்றே ஒரு வட்டாரத் தரநிலையை ஏற்றுக்கொண்டது. கோடைக்கு இன்னொரு வடிவம் உண்டு: தூக்கில் பொடியாக நறுக்கிய வெள்ளரி, வால்நட், உலர்திராட்சை, பச்சிலைகள், காய்ந்த ரொட்டித் துண்டுகள் போட்டு, ஐஸ் மிதக்கவிட்டுக் கிண்ணத்தில் உண்பார்கள். அதுதான் ஆப்தூக்-கியார். வெயிலில் அலைந்து வந்தவருக்கு அதைவிட நல்ல மதியச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

தூக் நாள்பட நிற்காது. மலையில் அதை ஆண்டு முழுக்க எப்படி வைப்பது? இங்கேதான் கஷ்க் பிறக்கிறது. இந்தக் கலையின் உச்சியில் நான் வைப்பது அதைத்தான்.

தூக்கை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்கவிடுகிறார்கள். புரதம் திரிந்து வெள்ளைத் திரளாக நிற்கும், நீர் பச்சை கலந்த மஞ்சளாகப் பிரியும். துணிப்பையில் ஊற்றி நீர் இறங்கும்வரை தொங்கவிட்டு, பிறகு உப்புச் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் உருண்டையாகவோ விரல் பதிந்த பிடிகளாகவோ பிடித்து வெயிலில் காயவைக்கிறார்கள். ஆட்டு மயிரால் நெய்த கறுப்புக் கூடாரத்தின் மேலே நாணல் பாய் விரித்து, அதில் கஷ்க் வரிசையாகக் காய்வதைப் பார்த்தால் பால் பருவம் முடியப்போகிறது என்று பொருள். முழுதாகக் காய்ந்த கஷ்க் கல்லைப் போல ஒலிக்கும். பல மாதங்கள் கெடாது. கழுதைமேல் மூட்டையாக ஏற்றினாலும் நொறுங்காது.

உண்ணும் நாளில் அதை ஊறவைத்து, உட்புறம் சொரசொரப்பான ஒரு மண்சட்டியில், சிறிது சிறிதாக வெந்நீர் விட்டு உள்ளங்கையால் தேய்க்கிறார்கள். அந்தச் சட்டிக்கு கஷ்க்சாப் என்று பெயர். கல் கரைந்து பாலேடு போல ஆகிறது. கைவலிக்கும் வேலைதான். ஆனால் அப்படித் தேய்த்த கஷ்க்கில் மூன்று சுவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: முதலில் உப்பு, உடனே தயிரின் புளிப்பு, கடைசியில் பழகிய பாலாடைக்கட்டிக்கும் காய்ந்த புல்லுக்கும் நடுவில் ஓர் ஆழமான மணம். அந்த மூன்றாவது சுவைக்காகத்தான் கஷ்க். தயிரை வடித்துக் கெட்டியாக்கினாலும், எலுமிச்சையைப் பிழிந்தாலும் அது வராது. கொதியும் வெயிலும் காலமும் சேர்ந்து கொடுப்பது அது.

கஷ்க் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் இரானியச் சமையலின் பாதி தெரியும். பச்சிலைகளும் பயறுகளும் கோதுமை நூடுல்ஸும் சேர்த்துக் குழைய வேகவைத்த ஆஷ்-எ-ரெஷ்தே, பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு, நெய்யில் பொரித்த உலர் புதினா எல்லாம் மேலே விழுந்த பிறகும், கஷ்க் ஊற்றும்வரை ஒரு கீரைக் கஞ்சியாகத்தான் இருக்கிறது. வெள்ளைக் கோடு விழுந்ததும் எல்லாம் ஒன்றுகூடிவிடும். நவ்ரூஸ் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் வெளியில் போய்க் கூடி உண்ணும்போதும், வீட்டில் ஒருவர் தூரதேசம் கிளம்பிய பிறகும் இந்த ஆஷைச் சமைப்பார்கள். கத்தரிக்காயை வதக்கி மசித்துக் கஷ்க் சேர்த்த கஷ்க்-எ-பாதெம்ஜான் இன்று உணவகங்களில் புகழ்பெற்ற பண்டம். எனக்குப் பிடித்தது அவ்வளவு புகழ் இல்லாத கலேஜூஷ்: நெய்யில் வெங்காயம், புதினா, இடித்த வால்நட், அதன்மேல் கரைத்த கஷ்க், ஒரே கொதி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு உண்பது. இறைச்சி இல்லாத வீட்டில், விறகு குறைந்த நாளில், கால் மணி நேரத்தில் தயாராகும் சாப்பாடு. ஏழையின் உணவு என்று ஒதுக்கத் தோன்றாத அளவுக்கு நிறைவானது.

கஷ்க்கை வடித்தபோது வெளியேறிய மஞ்சள் நீரையும் கொட்டுவதில்லை. அதை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சினால் பழுப்பாகி, கறுத்து, தாரைப் போல இறுகும். அதுதான் கரே கூரூத். மிளகு அளவு எடுத்து நாக்கில் வைத்தால் போதும், கண் சுருங்கும். நம் குழந்தைகளுக்குப் புளி எப்படியோ, இரானியக் குழந்தைகளுக்கு அது அப்படி. புளிப்பின் கடைசிப் படி இது. இதற்குமேல் ஏற இடமில்லை. குளிர்காலத்துக்கு வேறொரு சேமிப்பும் உண்டு. கெர்மான்ஷா, லொரெஸ்தான் பக்கங்களில் உடைத்த கோதுமையைத் தூக்கில் ஊறவைத்து, புளிக்கவிட்டு, பிடிபிடித்துக் காயவைப்பார்கள். தர்கீனே என்ற அந்தப் பிடிகளைப் பனிக்காலத்தில் கரைத்துக் காய்ச்சி, சளிக்கு மருந்தாகவும் குடிக்கிறார்கள்.

மருந்து என்றதும், இரானியர்கள் தயிரைத் தனியாக உண்ணத் தயங்குவதைச் சொல்ல வேண்டும். இப்னு சீனாவின் மரபில் வந்த அவர்களுடைய மருத்துவத்தில் ஒவ்வோர் உணவுக்கும் சூடு, குளிர்ச்சி என்று இயல்பு உண்டு. தயிர் குளிர்ச்சி. அதைச் சமன்செய்யச் சூடான பொருள் வேண்டும்: வெள்ளரித் தயிரில் புதினாவும் வால்நட்டும் உலர்திராட்சையும் விழுவது அழகுக்காக மட்டும் இல்லை. ஜாக்ரோஸில் விளையும் மூசீர் என்ற காட்டு வெங்காயத்தை உலர்த்தி, ஊறவைத்து, வடித்த தயிரில் கலப்பதும் அதே கணக்கு. மீனும் தயிரும் சேர்த்து உண்ணக் கூடாது என்பார்கள். நம் பாட்டிகள் சொன்னதும் அதுவே. மீன்-தயிர் விலக்குக்கு நவீன மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. ஆனால் இந்தச் சூடு-குளிர்ச்சிக் கணக்கு சமையலுக்குச் செய்த உபகாரம் பெரிது. குளிர்ந்து வழவழத்த தயிருக்கு மொறுமொறுப்பு, இனிப்பு, காரம், மணம் நான்கையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது அதுதான்.

உடலுக்கு உண்மையில் என்ன நன்மை? இதில் மிகைப்படுத்தல் நிறைய. நோபல் பரிசு பெற்ற இல்யா மெச்னிகோவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்கேரிய விவசாயிகளின் நீண்ட ஆயுளுக்குத் தயிரே காரணம் என்று எழுதியதிலிருந்து அது தொடங்குகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: தயிரை உறையவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசிலஸ் பல்கேரிகஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன. மிஞ்சிய லாக்டோஸைச் செரிக்கும் நொதியையும் குடலுக்குள் கொண்டு போகின்றன. பால் குடித்தால் வயிறு உப்பும் பலருக்குத் தயிர் ஒத்துப்போவது இதனால்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் இந்த நன்மையை ஏற்றுக்கொண்டது. ஒரு கிராமில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2024-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், வாரம் இரண்டு கோப்பைத் தயிராவது உண்பது இரண்டாம் வகை நீரிழிவு அபாயத்தைக் குறைக்கலாம் என்று எழுத அனுமதித்தது, சான்று குறைவு என்ற குறிப்போடு.

'உயிருள்ள' என்ற நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. கஷ்க் கொதித்துப் பிறந்தது. அதில் பாக்டீரியா உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கடையில் போத்தலில் வரும் தூக் பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்தியது. குடலுக்கு நன்மை தேடுகிறவர் மாஸ்த்தையும் மஷ்க்கிலிருந்து இறங்கிய தூக்கையும்தான் நாட வேண்டும். கஷ்க்கின் பலம் புரதம். இறைச்சி அபூர்வமான மலைக் குடும்பங்களைக் குளிர்காலத்தில் தாங்கியது அதுவே. சுண்ணாம்புச் சத்தைப் பற்றி ஒரு நுட்பம் இருக்கிறது. புளிப்பு ஏறும்போது, பால் புரதத்தோடு ஒட்டியிருந்த கால்சியம் கரைந்து நீரில் இறங்கிவிடும். ஆகவே வடித்த தயிரில் புரதம் கூடுகிறது, கால்சியத்தில் ஒரு பங்கு வடிநீரோடு போய்விடுகிறது. அந்த நீரைச் சுண்டக் காய்ச்சியவர்கள் தாங்கள் அறியாமலேயே அதை மீட்டு வைத்தார்கள். கரே கூரூத் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று இரானில் பலர் நம்புகிறார்கள். அதிலும் கஷ்க்கிலும் தூக்கிலும் இருக்கும் உப்பை நினைத்தால், இரத்த அழுத்தக்காரர்கள் அந்த நம்பிக்கையை நாடாமல் இருப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நீர் கலந்து, காற்றுப் புகாமல் அடைத்த கஷ்க்கில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சு உண்டாகலாம். இரானில் அதனால் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அந்த நஞ்சு கொதியில் அழிந்துவிடும். அதனால்தான் அங்குள்ள சுகாதாரத் துறையினர், கஷ்க்கைப் பத்து நிமிடமாவது கொதிக்கவைத்த பிறகே உண்ணுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆஷின்மேல் பச்சையாக ஊற்றினால் அழகாக இருக்கும். அந்த அழகுக்காக ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

பாலாடைக்கட்டியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்குரிய பெரிய உலகம். பனீர் என்றால் நமக்கு எலுமிச்சை விட்டுத் திரித்த, சுவையற்ற வெள்ளைக் கட்டி. இரானியரின் பனீர் உறைநொதியால் உறையவைத்து உப்புநீரில் மாதக்கணக்கில் பழுத்தது. தப்ரீஸுக்குத் தெற்கே, சஹாந்த் மலையடிவாரத்தில் உள்ள லீக்வான் கிராமத்துச் செம்மறிப் பனீர் அதில் தலையாயது: சிறு துளைகள் நிறைந்த, உதிராத, உப்பும் கொழுப்பும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் கட்டி. அசர்பைஜான் மாகாணங்களின் சில இடங்களில் பனீரை மண்குடத்தில் திணித்து, வாயை மூடி, தலைகீழாக மண்ணில் புதைத்துப் பழுக்கவைக்கிறார்கள். காய்ச்சாத பாலில் செய்த இளம் பனீரால் புருசெல்லோசிஸ் காய்ச்சல் வரக்கூடும் என்பதால் நன்றாகப் பழுத்ததையே வாங்க வேண்டும். சுடச்சுட ரொட்டி, ஒரு துண்டு லீக்வான், வால்நட், துளசியும் முள்ளங்கியும், இனிப்பான கறுப்புத் தேநீர். இரானியக் காலை உணவு இவ்வளவுதான்.

துபாயிலும் மற்ற வளைகுடா ஊர்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இவை அருகிலேயே கிடைக்கும். துபாயின் தேரா பகுதியில் உள்ள இரானியக் கடைகளில் கஷ்க் கண்ணாடிப் புட்டியிலும் வரும், உலர்ந்த உருண்டையாகவும் வரும். புட்டியில் வருவது வசதி. சுவையில் முக்கால் பங்கு இருக்கும், அந்த மூன்றாவது மணம் அதில் மங்கிவிடும். உருண்டை கிடைத்தால் அதையே எடுங்கள். தட்டினால் கல்லோசை வர வேண்டும். நிறம் வெள்ளையைவிடத் தந்தத்தின் பக்கம் இருக்க வேண்டும். முகர்ந்தால் ஆட்டு வாடை லேசாக அடித்தால் அது நல்ல அறிகுறி. இரவு முழுக்க ஊறவைத்து, மிக்ஸியில் போடாமல் ஒரு சொரசொரப்பான மண்சட்டியில் கையால் தேயுங்கள். பிறகு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, உப்புச் சேர்க்குமுன் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உப்பு தேவைப்படாது.